திரும்பாத சாவி

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

ஜெபமணி அதை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடியும் பூட்டுக்குள் விட்டாள். ம்ஹூம். சிவப்புப் பூட்டு அசைந்து கொடுக்கவில்லை.

"பூட்டுக்கும் சாவிக்கும் ஜாதகம் பொருந்தலீங்கக்கா," என்றாள் ஹாரிகா. சொன்ன பிறகுதான், எதிரே உட்கார்ந்திருப்பவள் புருஷனைப் பறிகொடுத்து மாதம் திரும்பாதவள் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மோகனப்பிரியா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மதுக்கரையில், சிமென்ட் தூசி படிந்த அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில், புருஷனின் டூல்ஸ் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பவுண்டரிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பூட்டு அதற்குள்தான் கிடந்தது. சாவி மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தது, பிளாஸ்டிக் கவருக்குள், கறுப்புக் கயிற்றோடு. கயிற்றில் ரத்தம் காய்ந்து மொறமொறப்பாகியிருந்தது.

"அந்தச் சாவி எப்பவும் அவரு கழுத்துலதானுங்க கெடக்கும்," என்றாள் மோகனப்பிரியா. "குளிக்கறப்பக் கூட கழட்டமாட்டாரு. பூட்டாம மிசினுக்குள்ள எறங்கினாருன்னு சொல்றாங்களே, அதத்தான் என்னால நம்ப முடியலீங்க."

அவள் புருஷன் கிருபாசங்கர், மலுமிச்சம்பட்டி தாண்டி ஒரு பவுண்டரியில் மெயின்டனன்ஸ் பிட்டர். வார்ப்பு மண்ணைக் கலக்கும் மிக்ஸர் ஒன்று அங்கே உண்டு. ஆள் உயரத் தொட்டி. உள்ளே இரும்பு உருளைகளும் கத்தி மாதிரி தகடுகளும் சுற்றும். தகடு தேய்ந்தால் பிட்டர் தொட்டிக்குள் இறங்கித்தான் மாற்ற வேண்டும். இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட வேண்டும். அவன் வெளியே வந்து தன் சாவியால் திறக்கிறவரை எவனாலும் கரண்ட் கொடுக்க முடியாது.

கிருபாசங்கர் உள்ளே இருக்கும்போது மிக்ஸர் ஓடியது. அவனை வெளியே எடுத்தவர்கள் யாரும் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

பூட்டு டூல்ஸ் பெட்டியில் கிடந்ததால், பூட்டாமல் இறங்கியது அவன் தப்பு என்று சொல்லிவிட்டார்கள். போலீசும் விபத்து என்று எழுதிக் கையைத் துடைத்துக்கொண்டது.

"பெட்டியில பூட்டு இருக்குதான்னு பாத்தாங்க," என்றாள் ஜெபமணி. "அது அவரு பூட்டுதானான்னு யாரும் பாக்கல."

"புரியலீங்க."

"இது உங்க ஊட்டுக்காரரு பூட்டு இல்லைங்க, அம்மணி. அவரு பூட்டு மெயின் சுவிட்சுலதான் தொங்கியிருக்கு. யாரோ அதை வெட்டியெடுத்துப் போட்டு, வேற ஒரு பூட்டுல அவரு பேரை எழுதி இந்தப் பெட்டியில போட்டுட்டாங்க." பூட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "விபத்து இல்லைங்க இது."

மோகனப்பிரியா அழவில்லை. டூல்ஸ் பெட்டியின் மூடியை அடித்துச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் ஹாரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜெபமணி முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்துவிட்டு வேலையை விட்டவள். இப்போது சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ். ஹாரிகா அவளுடைய ஒரே உதவியாள். வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கேட்காத நேரத்தில் வாயைத் திறப்பது, மூன்றும் அவள் பொறுப்பு.

பவுண்டரி முதலாளி, "சந்தேகம் தீரப் பாத்துட்டுப் போகட்டும்" என்று அனுமதி கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் வேங்கடசாமிக்கு அது பிடிக்கவில்லை. முறுக்கு மீசை, தடித்த கழுத்து, பேசுவதே அதட்டல்.

"பொம்பளைங்க வர்ற எடமாங்க இது? சேலை கீலை மாட்டுனா யாரு பதில் சொல்றது?"

"நான் பேன்ட்டுதானுங்க போட்டிருக்கேன்," என்றாள் ஹாரிகா. "அக்கா சேலைக்கு அக்காவே பதில் சொல்லிக்குவாங்க."

மிக்ஸர் ஒரு கட்டிடம் மாதிரி நின்றது. அதன் கதவு ஒரு பக்கம். ஸ்டார்ட் பட்டன் நேர் எதிர்ப்பக்கம், தரையில். மெயின் சுவிட்ச் பேனல் இரும்பு ஏணி ஏறிப் போகும் மேடையில். நடுவில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பெரிய தூசிக் குழாய் கூரையை நோக்கிப் போனது.

பட்டன் பக்கத்தில் நின்றிருந்தார் ஆபரேட்டர் நஞ்சுண்டன். நரைத்த தலை, கழுத்தைச் சுற்றித் துண்டு. ஜெபமணி யாரென்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ற கையாலதானுங்க செத்தான். இந்த வெரலுதான் பட்டனை அமுத்துச்சு." விரலைத் தூணில் ஓங்கி இடித்தார். நகம் ஏற்கெனவே கறுத்திருந்தது. ஹாரிகா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடறதுக்கு முந்தி பேனலைப் பாக்கலீங்களாய்யா?" என்றாள் ஜெபமணி.

"பாத்தேனுங்களே! பூட்டுத் தொங்கல. தொங்குனா போடுவனா?"

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

"முட்டி வலிங்க எனக்கு. ஏணியே ஏறமாட்டேன். இங்கிருந்தே பாத்தேனுங்க."

ஜெபமணி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவர் நின்ற இடத்தில் தானும் நின்று, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். காற்று வாங்குகிறாள் என்று ஹாரிகா நினைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜெப்ரி. கிருபாவோடு கூடவே வேலை பார்த்த பிட்டர். இவனுடைய பெட்டி ஒர்க்ஷாப் மூலையில் திறந்து கிடந்தது. மற்ற பிட்டர்களின் பூட்டெல்லாம் மண்ணும் ஆயிலும் ஏறி அடுப்புக்கரி மாதிரி இருக்க, இவன் பூட்டு மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது.

"உங்க பூட்டு மட்டும் பொண்ணு பாக்கக் கெளம்புன மாப்பிள்ளையாட்ட இருக்குதுங்களே," என்றாள் ஹாரிகா.

"பழசு தொலஞ்சுபோச்சுங்க. கிருபா சாகறதுக்குக் கொஞ்சம் முந்தி. பெட்டியிலதான் போட்டு வெச்சிருந்தேன். சூப்பர்வைசரு புதுசு குடுத்தாரு."

"பழைய சாவி?"

"இருக்குங்க. பூட்டு எங்கியாச்சும் ஆப்பிடும்னு வெச்சிருக்கேன்."

ஜெபமணி கைப்பையிலிருந்து மதுக்கரைப் பூட்டை எடுத்து நீட்டினாள். ஜெப்ரி சாவியை விட்டுத் திருப்பினான். டக்கென்று திறந்துகொண்டது. வெள்ளை பெயிண்டில் 'கிருபா' என்று எழுதியிருந்ததை அவன் அப்போதுதான் படித்தான். முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ... நான் இல்லைங்க! கர்த்தர் மேல சத்தியமா! அவன் என்ற தம்பி மாதிரிங்க!"

"வேற என்ன தெரியும்? சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்தினான். சில மாதங்களுக்கு முன் உதய் என்ற ஹெல்பர் அதே மிக்ஸரில் ஒரு காலை இழந்தான். கவனமில்லாமல் காலை விட்டான் என்று முடித்துவிட்டார்கள். மிக்ஸர் கதவில் ஒரு சேஃப்டி சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடக் கூடாது. அந்த சுவிட்சை யாரோ கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்ததை கிருபா கண்டுபிடித்தான். அதனால்தான் கதவு திறந்திருந்தும் மிக்ஸர் ஓடி, உதயின் கால் போனது.

"கட்டுனது யாருன்னு கிருபாவுக்குத் தெரியுமுங்க. எங்கிட்டச் சொல்லல. அவங்களே போயி பேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட ஒத்துக்கணும், இல்லீன்னா நான் சொல்லிப்போடுவேன்னு கறாரா சொல்லிட்டதா மட்டும் எங்கிட்டச் சொன்னான். அதுக்குள்ள..."

"என்னடா பேச்சு அங்க?"

வேங்கடசாமி வந்த வேகத்தில் ஜெப்ரியை அறைந்தார். அவன் பெட்டி மேல் விழுந்து, உதடு கிழிந்து, ஸ்பானர்கள் தரையில் சிதறின. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை ஜெபமணி மணிக்கட்டில் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினாள். சூப்பர்வைசரின் முறுக்கு மீசை சுவரில் போய் ஒட்டியது.

"மறுபடி கை வெச்சீங்கன்னா, இந்தக் கையில சோறு திங்க முடியாது," என்றாள் அமைதியாக.

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். நஞ்சுண்டனும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். ஜெபமணி வேங்கடசாமியை விட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கிருபாசங்கர் பூட்டை யாரோ போல்ட் கட்டர் வெச்சு வெட்டியிருக்காங்க. வெட்டறப்ப வளையத்துல ஒரு துண்டு தெறிக்கும். பேனல் மிக்ஸருக்கு மேல இருக்குது. தெறிச்ச துண்டு மண்ணோட மண்ணா கீழ மண்ணு போற டனலுக்குத்தான் போயிருக்கும். டீ டைம் முடிஞ்சதும் டனலைச் சலிக்கப் போறேன். யாரும் அங்க போகக் கூடாது."

வெளியே வந்ததும் ஹாரிகா கேட்டாள். "நெசமாவே துண்டு தெறிக்குமாங்கக்கா?"

"எனக்கென்ன தெரியும்? வெட்டுனவனுக்குத்தான் தெரியும். தெறிச்சு, அதை அவன் தேடிக் கெடைக்காம இருந்திருந்தா, நமக்கு முந்தி டனலுக்கு வருவான்."

"வேங்கடசாமிதான். மீசையைப் பாத்தாலே தெரியுது."

"மீசைக்குத் தண்டனை குடுக்கச் சட்டத்துல எடமில்ல கண்ணு. நீ மொதல்லயே உள்ள போயி ஒளிஞ்சுக்க. வர்றது யாருன்னு மட்டும் பாரு. வீரம் காட்டாத. நான் ஏணி பக்கம் இருப்பேன்."

மிக்ஸருக்கு அடியில் பூமிக்குள் ஓடியது டனல். பகல் வெளிச்சம் ஏணி வாயோடு நின்றுவிடும். நடுவில் மண் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட், ஓரத்தில் ஒரு ஆள் நடக்கிற இடம். டீ இடைவேளை என்பதால் பெல்ட் நின்றிருந்தது. ஹாரிகா ஒரு தூணுக்குப் பின்னால் குந்தினாள். மண்ணின் சூடும் கரித்தூள் நெடியும் மூச்சை அடைத்தன. மீசை வருகிறதா என்று ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் காலடிச் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. டனலுக்கு மறுகோடியில் இன்னொரு வழி இருப்பது அவளுக்குத் தெரியாது.

டார்ச் வெளிச்சம் தரையில் ஊர்ந்தது. வந்த ஆள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டான். முட்டி வலிக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. கழுத்தில் துண்டு.

நஞ்சுண்டன்.

ஹாரிகாவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. காலையில் அவள் பதறிப் பிடித்துக்கொண்ட கை அது. போனை எடுத்துப் போட்டோ எடுக்கப் போனாள். பிளாஷ் பளீரென்று அடித்துவிட்டது.

அவர் திரும்பினார். அழுத முகம் காணாமல் போயிருந்தது. பக்கத்திலிருந்த மண்வாரியை எடுத்து வீசினார். ஹாரிகா குனிந்தாள். தலைக்கு வந்தது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. போன் எங்கோ போய் விழுந்தது. "அக்கா!" என்று கத்தியதில் பாதிதான் வெளியே வந்தது; மீதியை அவர் கை அமுக்கிவிட்டது.

"பேசாம போயிருக்கலாமல்ல சாமி," என்றார் நஞ்சுண்டன், குழந்தையிடம் சொல்வதுபோல. அவள் தலைமுடியைக் கையில் சுருட்டி, பெல்ட்டின் கடைக்கோடிக்கு இழுத்துப்போனார். பெல்ட் சுற்றித் திரும்புகிற இரும்பு உருளை அங்கே இருந்தது. சுவரில் ஒரு பச்சைப் பட்டன். தான் எதற்கு இழுபடுகிறோம் என்பது புரிந்ததும் ஹாரிகா அவர் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவர் விடவில்லை. அவள் முகத்தை பெல்ட்டில் அழுத்தி, முட்டியை முதுகில் ஊன்றி, பட்டனைக் குத்தினார்.

பெல்ட் உயிர் பெற்றது. கன்னத்துத் தோல் ரப்பரோடு இழுபட்டது. உருளை உறுமிக்கொண்டு கிட்டே வந்தது.

அப்போது ஜெபமணி வந்து சேர்ந்தாள். ஓடி வந்த வேகத்திலேயே ஒரு கம்பியால் நஞ்சுண்டனின் விலாவில் அடித்தாள். அவர் சரிந்தார். ஹாரிகா உருண்டு கீழே விழுந்தாள். அவர் எழுந்து ஜெபமணியின் தொண்டையைப் பிடித்தார். அவள் நெற்றியால் அவர் மூக்கில் முட்டினாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. தடுமாறிப் பின்னால் போனவரின் துண்டு நுனி பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே விழுந்தது.

துண்டு ஒரே சுற்றில் இறுகியது. கழுத்தை இழுத்தது. விலக்கிக்கொள்ள அவர் கையை நீட்ட, உருளை கையை வாங்கிக்கொண்டது. விரல், மணிக்கட்டு, முழங்கை. அவர் போட்ட அலறல் டனல் முழுக்க ஓடித் திரும்பி வந்தது.

பெல்ட்டை ஒட்டி நீளமாக, அவசரத்துக்கு இழுத்து நிறுத்தும் ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. ஜெபமணி இரண்டு கையாலும் அதைப் பிடித்து, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள்.

பெல்ட் நின்றது. உருளைக்கும் அவர் கழுத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

ஜெப்ரியும் வேங்கடசாமியும் ஓடிவந்து துண்டை அறுத்து, உருளையைக் கழற்றி அவரை எடுத்தார்கள். தோளுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது, வேங்கடசாமி தன் சட்டையைக் கிழித்து அந்தத் தோளை இறுக்கிக் கட்டினார். "என்ற கீழ நடந்ததையே பாக்காம உட்டுட்டனே," என்று ஜெப்ரியைப் பார்த்துச் சொன்னார். ஜெப்ரி கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போடும்போதுதான் ஹாரிகா கேட்டாள். "உங்களுக்கு எப்பங்கக்கா தெரிஞ்சது?"

"பட்டன் பக்கம் நின்னு அண்ணாந்து பாத்தப்ப. அங்கிருந்து தூசிக் குழாய்தான் தெரியுது. பேனல் தெரியவே தெரியாது. ஏணி ஏறமாட்டேங்கறாரு, ஆனா பூட்டு இல்லீன்னு கண்ணால பாத்தேங்கறாரு. பூட்டு அங்க இல்லீன்னு அவ்வளவு உறுதியாச் சொல்றதுக்கு ஒரு ஆளாலதான் முடியும். எடுத்தவனால."

"சந்தேகம் இருந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல? நான் மீசைக்காகக் காத்துக் கெடந்தேன்."

"சொல்லியிருக்கணும்." ஜெபமணியின் தொண்டையில் விரல் பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது. "தப்பு என்ற மேலதான் கண்ணு. ரெண்டாவது வழி இருக்கறதையும் பாக்கல."

சேஃப்டி சுவிட்சைக் கட்டிவைத்தது நஞ்சுண்டன்தான். கதவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மோட்டார் நிற்பது அவருக்குத் தொல்லையாக இருந்தது. உதயின் கால் போனது. கிருபா வெளியே சொல்லிவிட்டால் ஜெயில். அதனால் முன்கூட்டியே ஜெப்ரியின் பூட்டைத் திருடி, அதில் கிருபாவின் பேரை எழுதி வைத்துக்கொண்டார். கிருபா உள்ளே இறங்கியிருந்தபோது ஏணி ஏறிப் பூட்டை வெட்டி, மெயின் சுவிட்சைப் போட்டார். கதவு சுவிட்சில் கம்பி அப்போதும் கட்டியபடியே இருந்தது. இறங்கி வந்து, பேர் எழுதிய பூட்டை அவன் பெட்டியில் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பட்டனை அமுக்கினார். பிறகு முதல் ஆளாக அலறிக்கொண்டு ஓடியதும் அவரேதான். எல்லாவற்றையும் மயக்கம் தெளிந்ததும் போலீசிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மதுக்கரை போனார்கள். மோகனப்பிரியா கதவு நிலையில் சாய்ந்தபடி முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் ஜெபமணியை நேராகப் பார்த்தாள்.

"அந்தக் கயித்தை ஏனுங்க இழுத்தீங்க?"

ஜெபமணி தொண்டையில் கன்றிய இடத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"என்ற ஊட்டுக்காரரு உள்ள கத்தறப்ப அந்தாளு நிறுத்துனானா? கேட்டுட்டு நின்னானல்ல? நீங்க எதுக்குங்க நிறுத்துனீங்க?" குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது.

"யோசிக்கலீங்க," என்றாள் ஜெபமணி. "கை தானாப் போயி இழுத்துருச்சு."

வாசலில் நின்ற ஹாரிகாவுக்கு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கிற எதுவும் அப்போது வரவில்லை. ஆனால் ஜெப்ரி ஆஸ்பத்திரியில் சொன்ன ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு என்று தோன்றியது.

"அக்கா... அந்தக் கயிறு ரொம்ப வருசமா வேலையே செய்யலீங்களாம். சும்மா பேருக்குத் தொங்கிட்டிருந்துச்சாம். இழுத்தாலும் பெல்ட் நிக்காது. யாரும் கண்டுக்கலியாம். உங்க ஊட்டுக்காரருதான் டனலுக்குள்ள கெடந்து, ஒயரு மாத்தி, அதைச் சரிபண்ணி வெச்சாராம். சாகறதுக்குக் கொஞ்சம் முந்தி."

மோகனப்பிரியா அசையாமல் நின்றாள். கண் நிறைந்து, வழிந்து, கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"அந்தாளுக்கு இது தெரியுமாங்க?"

"தெரியாதுங்க."

"போயிச் சொல்லுங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "நீ கொன்னவன் செஞ்ச வேலைலதான் நீ உசிரோட கெடக்கறேன்னு சொல்லுங்க. நல்லா வெளங்கற மாதிரி சொல்லுங்க. அப்பறம் நூறு வருசம் இருக்கட்டும் அந்தாளு."